ஏழடி நடந்த கல்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

காலையில் எழுந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவது. அதன் பிறகு கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள், நாட்காட்டி, கண்ணாடி அலமாரியில் உள்ள தம்ளர்கள் என்று ஒவ்வொன்றாக நேர்செய்துகொண்டே சமையலறைவரை போய்ச் சேர்வேன். முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவனுக்கு இது பெரிய காரியம் அன்று. "நீங்க தூங்குற நேரத்துலதான் இந்த வீட்டுச் சாமானெல்லாம் கொஞ்சம் மூச்சு விடுது" என்று என் மனைவி சொல்வாள். அவள் நகைச்சுவையாகப் பேசக்கூடியவள்.

தங்கள் மருத்துவமனையில் கண் பரிசோதனைக்காக மாட்டியிருக்கும் எழுத்துப் பலகைகூட வலப்பக்கம் சற்றுச் சரிந்துதான் இருந்தது. சென்ற மாதம் தாங்கள் கை கழுவப் போன நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டேன். தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இத்தகைய உதவிகளை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தாங்கள், நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என் மைத்துனனைச் சங்கத்திலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தன் முதல் படத்திலேயே ஒரு கல்லைத் தானாக நடப்பதுபோல் காட்டிச் சங்கத்தை ஏமாற்றினான் என்பது அவன்மேல் உள்ள குற்றச்சாட்டு. அவன் ஏமாற்றவில்லை. அந்தக் கல்லை நகர்த்தியவன் நான். என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன். விளக்கமாகச் சொன்னால் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

என் மைத்துனன் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது, அல்லது திரும்பி வந்தது. பாலைநிலத்தையும் அதன் இரவு வானத்தையும் டைம்லாப்ஸ் படமாக எடுக்க வேண்டும் என்று. இருபது நொடிக்கு ஒருமுறை கேமரா தானாகவே ஒரு படம் எடுக்கும். நொடிக்கு இருபத்து நான்கு படம் வீதம் அவற்றைச் சேர்த்து ஓட்டினால், ஒரு பிற்பகலும் ஓர் இரவும் இரண்டு நிமிடத்தில் கண்முன் ஓடிவிடும். இதை அவன் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை நகர்த்தி நகர்த்தி விளக்கினான். விளக்கி முடித்ததும் ஜாடியை நான் பழைய இடத்தில் வைத்தேன்.

"நீங்களும் வாங்க அத்தான். பகல்ல நான் கொஞ்சம் தூங்கினாத்தான் ராத்திரி முழுக்க முழிச்சிருக்க முடியும். அதுவரைக்கும் கேமராவை யாராவது பார்த்துக்கணும்."

"அதுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு தம்பி?"

"ஒண்ணுமே இல்ல. அதுதான் வேலை. தொடக்கூடாது, குறுக்க போகக்கூடாது, சும்மா உட்காரணும்."

அப்போது என் மனைவி சிரித்தாள். "இவர சும்மா உட்கார வைக்கப் போறியா? அதை முதல்ல படம் எடு. அதுதான் அதிசயம்."

ஜீப்பில் ஏழு மணி நேரப் பயணம். நாங்கள் போய்ச் சேர்ந்த இடம், எப்போதோ ஏரியாக இருந்து வற்றிப்போன களிமண் தரை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஓடு பரப்பியதுபோல் வெடித்துக் கிடந்தது. தொலைவில் மணல்மேடுகள். மைத்துனன் முக்காலியை ஊன்றி, அதன் கால்களில் மணல் மூட்டைகளைக் கட்டி, குனிந்து நிமிர்ந்து, படுத்துப் பார்த்து, ஒன்றரை மணி நேரம் இடம் தேடினான். மூன்று மணிக்கு முதல் படம். கேமரா 'டிக்' என்றது. பக்கத்தில் எங்கோ பல்லி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டு, ஜீப்பின் பின்னிருக்கையில் போய்ப் படுத்து, மூன்றே நிமிடத்தில் குறட்டை விட்டான்.

நான் மடக்கு நாற்காலியில் அமர்ந்தேன். நாற்பது நிமிடம் எதையும் செய்யாமல் இருந்தேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேமராவுக்கு எதிரே நான்கு கற்கள் இருந்தன. மூன்று கற்கள் ஒரே நேர்க்கோட்டில், சம இடைவெளியில், காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப்போல் நின்றன. நான்காவது, பூசணிக்காய் அளவுக் கல், இடப்பக்க ஓரத்தில் தனியாக விலகி, யாரையோ வேடிக்கை பார்ப்பதுபோல் கிடந்தது. அவனுடைய முதல் படம் அது. காலத்துக்கும் நிற்கப்போகிற படம். அதில் ஒரு கல் வரிசை தப்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டு பொறுப்புள்ள ஒருவன் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் படத்தில் கல் குதித்தது தெரிந்துவிடும். அந்த அளவு விவரம் எனக்கும் புரிந்தது. எனவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது என்று தீர்மானித்தேன். மெல்லச் செய்வதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் வாழ்நாள் அனுபவம். ஒரு 'டிக்' கேட்டதும் ஓரமாகப் போய், குனிந்து, கல்லை இரண்டு விரல்கடை அளவு தள்ளி, கால் தடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பின்வாங்கி, அடுத்த 'டிக்' வருமுன் வெளியே வந்துவிடுவேன். பிறகு மூன்று படங்களுக்கு மூச்சு வாங்குவேன். மறுபடியும் ஒரு தள்ளு. இப்படி ஒரு மணி இருபது நிமிடத்தில் அறுபது தள்ளுகள். ஐந்து மணிக்கு அந்தக் கல் ஏழடி கடந்து, தன் மூன்று தோழர்களோடு வரிசையில் வந்து நின்றது. அதன்பின் அந்த இடமே பார்ப்பதற்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொற்களால் விளக்குவது கடினம்.

பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு காகம், பக்கத்துக் கிளையில் இருந்த குருவியின் கூடு சரியான இடத்தில் இல்லை என்று கருதியது. நாளுக்கு ஒரு குச்சியாக அந்தக் கூட்டை எடுத்து வேறொரு மரத்தில் கட்டியது. ஒருநாள் காலையில் குருவி கண்விழித்துப் பார்த்தால் புது மரம், நல்ல காற்று, நல்ல நிழல். சிறுகச் சிறுகச் செய்தால் பெரிய காரியமும் முடியும் என்பதை அக்கதையின் நீதியாகக் கரும்பலகையில் எழுதுவேன். ஒருமுறை கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், அந்தக் குருவிகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள். நேரமாகிவிட்டது, உட்கார் என்று சொன்னேன்.

நான் கணக்கில் கொள்ளாத ஒன்று உண்டு. மெல்ல நடப்பதை மனிதர் கண் பார்ப்பதில்லை. ஆனால் மெல்ல நடப்பதைப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி ஒன்றின் முன்னால் நான் அதைச் செய்திருக்கிறேன்.

படம் திரையிட்ட அன்று தாங்களும் அரங்கில் முன்வரிசையில் இருந்தீர்கள். மேகங்கள் வெள்ளம்போல் ஓடின, நிழல்கள் நீண்டன. ஐந்தாவது நொடியில் அந்தக் கல் புறப்பட்டது. அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த ஊழியர் யாருக்கும் தெரியாமல் இருக்கையில் போய் அமர்வதுபோல, நழுவி நழுவிப் போய் வரிசையில் சேர்ந்தது. அதன் பின்னால் களிமண்ணில் கீறிய தடம் வேறு. மண்ணியல் பேராசிரியர் நாற்காலியின்மேல் ஏறி நின்று, "மறுபடியும் போடுங்க" என்று கூவியது நினைவிருக்கும். காற்றா, பனியா, நிலநடுக்கமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பதினொரு முறை போட்டார்கள். கல் வரிசையில் சேர்ந்ததும் ஒவ்வொரு முறையும் கைதட்டிவிட்டு, படத்தை அங்கேயே நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள்.

என் மைத்துனன் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முப்பதாவது நொடியில் இருட்டுகிறது. அதன் பிறகுதான் அவனுடைய வானம். அதை அந்த அரங்கில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது முறையாவது முழுதும் போடுவார்கள் என்று காத்திருந்தான். மின்விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். பேராசிரியர் ஆராய்ச்சிக்காக மூலப் படங்கள் எல்லாவற்றையும் கேட்டார். பதினைந்து மணி நேரத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு படங்கள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தது. இருநூற்று அறுபத்து மூன்றாம் எண் இல்லை. "நான்தான் அழிச்சேன்" என்று மட்டும் மைத்துனன் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. பேராசிரியரின் மகிழ்ச்சி அத்தனையும் கோபமாக மாறியது. காவலுக்கு இருந்தவன் என்பதால் தாங்கள் என் வீட்டுக்கும் வந்து கேட்டீர்கள். நான் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னேன். அது முழுப் பொய் அன்று. வரும் வழியில் ஜீப்பில் கண்ணயர்ந்தேன்.

தாங்கள் போனபின் என் மனைவி தைலப் புட்டியுடன் வந்தாள்.

"குப்புறப் படுங்க."

படுத்தேன். இடுப்பில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்திருந்தவருக்கு இடுப்பு ஏங்க இப்படிப் பிடிக்குது?"

"வயசு."

"வயசு எனக்கும்தான் ஆகுது. நான் கல்லு தூக்கல." இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தாள். "தம்பி எதுக்கு அந்த ஒரு படத்தை அழிச்சான்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

உண்மையில் நான் யோசிக்கவில்லை. மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினான். அதை அழிக்கவில்லை, தனியே எடுத்து வைத்திருந்தான். மஞ்சள் வெயில், வெடித்த தரை, படத்தின் ஓரத்தில் ஒரு கணுக்காலும் ஒரு செருப்பும். அறுந்த வாரைச் சிவப்பு நூலால் தைத்த செருப்பு. களிமண் வெடிப்பில் அது சிக்கிக்கொண்ட ஒரே ஒரு தடவை நான் வெளியே வரத் தாமதமாகிவிட்டது.

"அக்கா தச்ச செருப்பு. உலகத்துல வேற யாரு காலு இது?" என்றான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி."

"என்னன்னு சொல்றது? எங்க அத்தான் கல்லுக்கு டிரில் எடுத்தாருன்னா?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தோம். பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க அத்தான். சங்கம் போனா போகுது. இந்த வயசுல எல்லாரும் சேர்ந்து உங்களைக் கேலி பண்ண நான் விடமாட்டேன்" என்றான்.

இதோடு இந்த வாக்குமூலத்தை முடித்திருக்கலாம். தாங்கள் கேட்டதும் இவ்வளவுதான். ஆனால் அவன் அப்படிச் சொன்ன விதம், வேறொன்றையும் எழுதி வைப்பதே ஒழுங்கு என்று என்னை எண்ண வைத்தது. ஒரு பத்தியைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

எங்களுக்குத் திருமணமான புதிதில், பெற்றோர் இல்லாத என் மைத்துனன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மலையுச்சியில் உள்ள வானாய்வுக் கூடம் ஒன்றில், தொலைநோக்கி வழியாக விண்மீன்களைப் படம்பிடிக்கும் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அந்த வேலை நிரந்தரம் அன்று. மலை குளிர். சம்பளம் குறைவு. குடிநீர் வாரியத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஓய்வூதியம் உண்டு, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எது சரியான வரிசை என்பது யாருக்கும் விளங்கும்.

நான் அவனை ஒருபோதும் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் சாப்பிடும்போது குடிநீர் வாரியத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன். ஒருநாள் விடுமுறைகளைப் பற்றி, ஒருநாள் பதவி உயர்வைப் பற்றி. அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

பிறகு மலையிலிருந்து கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. உறை சரியாக ஒட்டப்படாமல் இருந்ததால் அதைப் படிக்க நேர்ந்தது. அப்போது அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் என் மேசையில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றின் நடுவில் கடிதம் பதினொரு நாள் இருந்தது. நான் அதை மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் காலை, உறையை நன்றாக ஒட்டி, என் கையாலேயே அவனிடம் கொடுத்தேன்.

அவன் தேதியைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "தபால் லேட்டா வந்திருக்கு போல அத்தான்" என்றான்.

"தபால்காரங்க அப்படித்தான் தம்பி" என்றேன்.

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தபால்காரர்மேல் ஒரு புகார்க் கடிதமும் எழுதி அனுப்பினேன். பிழையில்லாத கடிதம். இரண்டு மாதத்தில் அந்தத் தபால்காரர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். குடும்பம் இங்கேயே இருந்ததாகச் சொன்னார்கள். அந்த ஊரில் வெயில் குறைவு என்று கேள்வி.

அடுத்த மாதம் மைத்துனன் குடிநீர் வாரியத்தில் சேர்ந்தான். முப்பது ஆண்டுகள் ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. மாடியில் துணி காயப்போடும் இடத்தில் மட்டும் சில இரவுகளில் தனியாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பான். கொடியில் துணிகளை யாரோ ஒரு பக்கமாக ஒதுக்கியிருப்பார்கள். காலையில் நான் போய்ச் சமமாகப் பரப்பி வைப்பேன்.

மேலே உள்ளவற்றை வியாழக்கிழமை எழுதி முடித்தேன். தங்களிடம் கொடுப்பதற்குமுன் இதை அவன் படிப்பதே முறை என்று தோன்றியது. அவன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தான். கல் வரும் இடங்களில் சிரித்தான். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். தாள்கள் கோணலாகக் கிடந்தன. நான் தொடவில்லை. அவ்வளவு நேரம் எதையும் தொடாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவளும் அப்போதுதான் படித்திருந்தாள். அவள் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்: "அந்தத் தபால்காரர் இப்ப எங்க இருக்காரு?"

"ரிட்டயர் ஆகித் திரும்பி வந்துட்டாரு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால வீடு."

"இன்னைக்கே போங்க."

அன்று மாலையே போனேன். அவர் என்னை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். "இத்தனை வருஷமும் அந்தக் கடிதத்தை நான்தான் எங்கயோ தவறவிட்டுட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன் சார்" என்றார். பிறகு, "அந்தப் பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வந்து மைத்துனனிடம் கேட்டேன்: "உனக்கு நான் என்ன செய்யணும் தம்பி?"

அவன் யோசித்தான். "நாளைக்கு ஜீப் எடுக்கறேன். அந்தக் கல்லை எடுத்த இடத்துல கொண்டுபோய் வைங்க அத்தான். உங்களால வைக்க முடியுற கல்லு அது ஒண்ணுதான்."

"நீயும் வர்றியா?"

"பின்ன? வானத்தை நான் எடுக்க வேணாமா? அக்காவும் வரட்டும். உங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்."

டாக்டர் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த வாக்குமூலத்தை ஒரு சொல் விடாமல் எல்லோர் முன்னிலையிலும் படித்துவிடுங்கள். பேராசிரியர் சிரித்தாலும் திட்டினாலும் நான் முன்வரிசையில்தான் இருப்பேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. படித்து முடித்தபின் விளக்கை அணைத்துவிட்டு, அவனுடைய படத்தை முப்பதாவது நொடியிலிருந்து போடுங்கள். அங்கே கல் தெரியாது. மணல்மேட்டின் பின்னாலிருந்து விண்மீன்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து, தலைக்கு மேலே வளைந்து, வரிசை எதுவும் இல்லாமல் மறுபக்கம் சாயும். நான் நேற்றுத்தான் முதல்முறையாக முழுதும் பார்த்தேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை. தயவுசெய்து கடைசிவரை போடுங்கள்.

இன்று சனிக்கிழமை மாலை. பாலைநிலத்திலிருந்து இப்போதுதான் திரும்பினோம். நேற்று மாலை மைத்துனன் முதல் படத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க" என்று சொல்லச் சொல்ல, நான் குனிந்து கல்லைத் தள்ளினேன். என் மனைவி நாற்காலியில் சாய்ந்து தைலப் புட்டியோடு காத்திருந்தாள். கல் அதன் பழைய குழியிலேயே போய் உட்கார்ந்தது. "இப்பத்தான் அது முகத்துல சிரிப்பு வந்திருக்கு" என்றான் மைத்துனன். என் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டு, கேமராவைப் பொருத்தப் போனான்.

செய்த தவற்றைச் சரிசெய்துவிட்ட நிறைவோடு இதை முடிக்கிறேன். கல் இப்போது எடுத்த இடத்திலேயே இருக்கிறது. அவன் அந்தப் பக்கம் போனபின் ஒரு சாண் மட்டும் வலப்பக்கம் தள்ளி வைத்தேன். அங்கிருந்தால்தான் மணல்மேட்டின் உச்சிக்கு நேர்கீழே வருகிறது. ஒரு சாண்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் நிமிர்ந்தபோது பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாலைநிலத்தில் பல்லிகள் அதிகம்.